மூடாத கோப்பு

ஊசலின் அலைவு நேரத்தை நூறு தடவை அளந்து, அந்த அளவுகளைக் கணிப்பொறிக்குக் கொடுக்கிறோம். 'சி' மொழியில் எழுதிய நிரல் நொடியில் சராசரியைச் சொல்லிவிடுகிறது. நிரல் முடிந்தபின் அந்த நூறு எண்களும் எங்கே? நிரலின் மாறிகள் நினைவகத்தில் குடியிருப்பவை. நிரலோடு அவையும் மறைந்துவிடும். நாளையும் வேண்டுமென்றால் வட்டில் ஒரு கோப்பாக எழுதி வைக்க வேண்டும்.

டென்னிஸ் ரிட்சி 1972-ஐ ஒட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மொழி 'சி'. கோப்பைத் திறக்கவும் மூடவும் மொழிக்குள்ளேயே ஆணை எதுவும் கிடையாது. அவற்றைச் செய்யும் சார்புகள் அதனுடன் வரும் நூலகத்தில் இருக்கின்றன.

'எஃப்ஓப்பன்' என்ற சார்பு கோப்பைத் திறக்கிறது. கோப்பின் பெயரையும், எதற்காகத் திறக்கிறோம் என்பதைக் குறிக்கும் எழுத்தையும் அதற்குத் தர வேண்டும். படிப்பதற்கு 'ஆர்', புதிதாக எழுத 'டபிள்யூ', முடிவில் சேர்த்து எழுத 'ஏ'. இவற்றில் 'டபிள்யூ' பொல்லாதது! அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால், திறந்த கணமே அதிலுள்ளவை அழிந்துபோகும். நாம் ஓர் எழுத்துகூட எழுதியிருக்க வேண்டியதில்லை, எச்சரிக்கையும் வராது. நேற்றைய நூறு அளவுகளோடு இன்றைய அளவுகளைச் சேர்க்க 'ஏ'தான் சரி. 2011-இல் வந்த தரப்படி 'டபிள்யூ'வுடன் 'எக்ஸ்' சேர்த்துத் தந்தால், கோப்பு ஏற்கெனவே இருக்கும்போது திறக்க மறுத்துவிடும். கோப்பைத் திறக்க முடியாதபோது 'எஃப்ஓப்பன்' திருப்பித் தருவது 'நல்' என்னும் வெற்றுச் சுட்டு. இதைச் சோதிக்காமல் மேலே போவது, மின்சுற்றைச் சரிபார்க்காமல் சாவியை அழுத்துவது போன்றது.

'எஃப்பிரிண்ட்எஃப்' சார்பினால் எழுதுகிறோம். எழுதியவை உடனே வட்டுக்குப் போய்விடுகின்றனவா? இல்லை. தபால்பெட்டியில் விழும் ஒவ்வொரு கடிதத்திற்கும் தபால்காரர் ஒருமுறை வருவதில்லை அல்லவா? அதுபோல, எழுத்துகள் முதலில் நினைவகத்தில் இடைத்தாங்கி என்னும் பகுதியில் சேர்கின்றன. அது நிறைந்ததும் மொத்தமாகப் போகின்றன. காரணம் வேகம்தான். நிமிடத்திற்கு 7200 சுற்று சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 1/120 நொடி. அதற்குள் ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலியில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள் கடந்துவிடும்! ஒவ்வோர் எழுத்துக்கும் தட்டுக்காகக் காத்திருந்தால் வேலை நடக்குமா?

இடைத்தாங்கியில் மீந்திருப்பதை வெளியே அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவது 'எஃப்குளோஸ்'. நிரல் ஒழுங்காக முடிந்தால், நாம் மறந்தாலும் கோப்புகள் மூடப்பட்டுவிடும். நிரல் பாதியில் முறிந்தால்தான் ஆபத்து, மீந்திருந்தவை போனவைதான். நீண்ட சோதனைகளில் அவ்வப்போது 'எஃப்ஃபிளஷ்' சார்பை அழைத்தால், அதுவரை சேர்ந்தவை இயக்க அமைப்பின் கைக்குப் போய்விடும்.

மாணவர்களே, இதை நீங்களே பார்க்கலாம். புதிய கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு, முடிவில்லாமல் சுற்றும் ஒரு வளையத்தில் நிரலை நிறுத்துங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு சாளரத்தில் கோப்பின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் சுழியமாகவே இருக்கும். பிறகு வளையத்திற்கு முன்னால் 'எஃப்ஃபிளஷ்' சேர்த்து, மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.