சிறுதொழில் நாடு – 9: பட்டறை கொடுக்கும் கடன்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துத் தெருக்களுக்குள் நுழைந்தால் லேத் ஓடும் சத்தம் காதில் விழும். நம் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் பம்ப்செட்டுகள் பலவும் இப்படிப்பட்ட இடங்களில்தான் உருவாகின்றன. காஸ்டிங் ஒரு ஃபவுண்டரியில், ஷாஃப்ட் கடைசல் ஒரு பட்டறையில், கீவே வெட்டுவது அடுத்த தெருவில், காயில் சுற்றுவது வேறோர் இடத்தில். கம்பெனிகள் பலவும் எல்லாவற்றையும் வாங்கிக் கோர்த்து, ஓட்டிப் பார்த்து, தங்கள் பெயரை ஒட்டி அனுப்புகின்றன.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கப் பட்டறைகள் முளைத்தன. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். ஆலையிலோ பட்டறையிலோ வேலை கற்றவர் பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்குவார். அவரிடம் கற்றவர் சில வருடங்களில் தானும் ஒன்று தொடங்குவார். தொழிலாளி முதலாளியாவதற்கு இதைவிட நேரான பாதை நம் நாட்டில் எனக்குத் தெரிந்து வேறில்லை. 2015-16 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் 6.34 கோடி, அவற்றை நம்பிப் பிழைப்பவர்கள் 11.1 கோடிப் பேர்.

இந்தப் பாதையை அடைப்பது எது? கடன் கிடைக்காததுதான் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. செய்து கொடுத்த வேலைக்குக் காசு வராததுதான் மீதி.

ஒரு கணக்கைப் பாருங்கள். பட்டறைக்காரர் 1 லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறார். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து பில் 1,18,000. அந்த வரியை அடுத்த மாதமே அரசுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். தான் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் கைக்காசு. பில் தொகையோ மூன்று மாதம் கழித்து வருகிறது. நடுவில் சனிக்கிழமை தவறாமல் கூலி, கரண்ட் பில், கம்பி வாங்கிய கடைப் பாக்கி. வீட்டு நகை அடகுக்குப் போகிறது. அந்த நகைக்கடன் வட்டியைப் பட்டறைக்காரர் கட்ட, பெரிய கம்பெனி வட்டியில்லாமல் பணத்தைப் புரட்டிக்கொள்கிறது. அப்படியென்றால் இங்கே யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாந்தரக் கூட்டுவட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் இறுக்கிப் பிடித்திருக்கிறது: கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கும்வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது.

ஆனாலும் புகார் மனு எழுதப் பட்டறைக்காரருக்குக் கை வராது. இருப்பதே ஒன்றிரண்டு கம்பெனி ஆர்டர்தான். வட்டி கேட்டால் அடுத்த மாதம் வேலை வராது. பயத்தோடு இருப்பவரிடம் சட்டப்பிரிவைக் கொடுத்து என்ன பயன்?

இதற்கு வழி அரசின் கையிலேயே இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்த கம்பெனிகள், யாருக்கு எவ்வளவு, ஏன் தாமதம் என்று ஆறு மாதத்துக்கொருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்குக் கணக்குத் தர வேண்டும் என்று 2019-லேயே ஆணை இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்து அரசே வட்டியோடு வசூலித்துக் கொடுக்கட்டும். பட்டறைக்காரர் மனு எழுதும்வரை காத்திருக்க வேண்டாம்.

(தொடரும்)