தூரம் கூடியது, நேரம் குறைந்தது

தூரம் கூடினால் பயண நேரமும் கூடும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். 2016 அக்டோபரில் ஒரு நாள், இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "சார், டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் 1,400 கிலோமீட்டர் சுற்றிப் போயும் முன்னதாகவே போய்விட்டதாம், பேப்பரில் போட்டிருக்கிறது" என்றார். "அச்சுப் பிழையாயிருக்கும், உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது.

மாலையில் அவர் துறைக்கு வந்தார். "சார், ஆடி மாசம் வீட்டிலிருந்து மேற்கே சைக்கிள் மிதித்துக் கல்லூரிக்கு வர ஒரு மணி நேரம். திரும்பிப் போக முக்கால் மணிகூட ஆகாது. ரோடு ஒன்றுதானே?" பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறிந்த ஊரில் இருந்துகொண்டு இது எனக்குத் தோன்றவில்லை!

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உலக உருண்டையில் இவ்விரு நகரங்களையும் நூலால் இணைத்தால், அது ஆர்க்டிக் பகுதி வழியே செல்லும். நீளம் சுமார் 12,400 கிலோமீட்டர். ஆனால் விமானங்கள் நூல் பிடித்தாற்போல் பறப்பதில்லை. 2015 டிசம்பரில் தொடங்கிய அச்சேவை மேற்கே அட்லாண்டிக்கைக் கடந்து சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. மறு ஆண்டு கிழக்கே திரும்பிப் பசிபிக் வழியாக 15,300 கிலோமீட்டரை ஏறத்தாழ பதினான்கரை மணி நேரத்தில் கடந்தது. பழைய வழியைவிட இரண்டு மணி நேரம் போல மிச்சம்.

காரணம் காற்றே. சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. அதன் நடுவில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் வேகம் உண்டு. ஜப்பானிய அறிஞர் ஓயிஷி 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதனை அளந்தார். ஆனால் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதியதால் படித்தவர் சிலரே. 1944இல் ஜப்பானின் மேல் பறந்த அமெரிக்க விமானிகள் அக்காற்றில் சிக்கித் திகைத்தார்கள்.

15,300ஐ 14.5ஆல் வகுத்தால் தரையை ஒட்டிய வேகம் மணிக்கு 1,055 கிலோமீட்டர். விமானத்தின் சொந்த வேகம் 900 என்று கொண்டால், மீதி 155 காற்று தந்த கொடை. மேற்கே போனால் அக்காற்றே எதிரி. பூமி சுழல்வதால் கீழே ஊர் நகர்ந்துவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள், அது சரியன்று. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது. திரும்பும்போதும் அவ்விமானம் கிழக்கு நோக்கியே அட்லாண்டிக் வழியாக வந்தது. போய்வந்ததில் உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது!

மறுநாள் வகுப்பில், பிழை பத்திரிகையுடையதன்று, என்னுடையது என்று சொல்லி, கணக்கை அம்மாணவரையே கரும்பலகையில் போடச் சொன்னேன். தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்து, விமானத்தை 105 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவிட்டார். வகுப்பு மீண்டும் சிரித்தது; இம்முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.