சைக்கிள் செயினுக்கு எந்த எண்ணெய்?

போன வருஷம் மாசி மாசம். வேப்பம் புண்ணாக்கு மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு கச்சிராயபாளையத்திலிருந்து தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் மேட்டில் அழுத்தி மிதிச்சப்ப செயின் அறுந்து, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிச்சது. மூணு கிலோமீட்டர் மூட்டையோடு தள்ளிக்கொண்டு வந்தேன். செயின் போட்டு பதினாலு மாசம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் சைக்கிள் கடைத் தம்பி அறுந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "என்ன ஆயில் சார் விடுறீங்க?"

"வேஸ்ட் ஆயில்தான் தம்பி. டிராக்டருக்கு ஆயில் மாத்துறப்ப வர்றது. வாராவாரம் தவறாம ஊத்துறேன்."

அவர் விரலில் அந்தக் கருப்பைத் தேய்ச்சுக் காட்டினார். நறநறன்னு இருந்தது. "இது ஆயில் இல்ல சார். வால்வு தேய்ப்போமே, அந்தப் பேஸ்ட்டு."

முப்பத்தாறு வருஷம் வங்கியில் தேய்மானக் கணக்கு எழுதினவன் நான். என் சைக்கிளின் தேய்மானத்துக்கு நானே காசில்லாமல் எண்ணெய் ஊத்தியிருக்கேன்!

செயினில் தேயுற இடம் எதுன்னு முதலில் பார்த்துக்கணும். ஒவ்வொரு கண்ணியிலும் ரெண்டு பக்கத் தகடு, நடுவில் உருளை, உருளைக்குள் புஷ், புஷ்ஷுக்குள் ஆணி. பல்சக்கரத்தில் செயின் வளையுறப்ப புஷ்ஷுக்குள் இருக்கிற ஆணிதான் உரசுது. எண்ணெய் வேண்டியது அங்கே. நாம் ஊத்துறதோ தகடு மேலே. மேலே நிக்கிற எண்ணெய்க்கு ஒரே வேலைதான், மண்ணைப் பிடிச்சு வைக்கிறது. நம்ம செம்மண் புழுதியில் இருக்கிற பொடி மணல் இரும்பைத் தேய்க்கும். எண்ணெயோடு சேர்ந்து அது ஆணி வரைக்கும் இறங்கிடுச்சுன்னா, மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அரம் போடுற மாதிரிதான்.

கழிவு ஆயிலில் இன்னொரு சங்கதி. அதில் ஏற்கெனவே இன்ஜினின் இரும்புத் தூளும் கரியும் இருக்கு. 2016-ஆம் ஆண்டு விதிகளில் அதை அபாயக் கழிவுப் பட்டியலில் சேர்த்திருக்காங்க. ஒரு பங்கு கழிவு ஆயில் பத்து லட்சம் பங்கு குடிநீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்லுது. நான் சைக்கிளை நிறுத்தி எண்ணெய் விட்ட இடம் எங்கே தெரியுமா? கிணத்து மேட்டில், கீரைப் பாத்தியை ஒட்டி. பத்து வருஷமா ஒரு பிடி யூரியா உள்ளே விடாத தோட்டம். செயினிலிருந்து சொட்டின கருப்பு ரெண்டடி அகலத்துக்கு மண்ணில் படிஞ்சிருந்தது. அந்த மண்ணை வெட்டி ஒரு பழைய டின்னில் போட்டு மூடி வச்சேன். அந்த ஓரத்துப் பாத்தியில் இன்னைக்கு வரைக்கும் கீரை விதைக்கலை.

அதுக்கப்புறம் இயற்கை விவசாயிக்கு வர்ற ஆசை எனக்கும் வந்தது. நம்ம வீட்டு எண்ணெயையே விட்டா என்ன? விட்டும் பார்த்தேன். கடலை எண்ணெய் கொஞ்ச நாளில் பிசின் ஆயிடுச்சு. வாணலி விளிம்பில் பழைய எண்ணெய் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டிருக்குமே, அதே கதை. காற்றில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக் கெட்டியாகிற எண்ணெய்கள் இவை. சூரியகாந்தி இதில் இன்னும் மோசம். தேங்காயெண்ணெய் அப்படிச் சீக்கிரம் பிசினாகாது. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைஞ்சுடும். மார்கழியில் வெள்ளிமலைப் பக்கம் விடியக்காலை சைக்கிள் எடுக்கிறவங்களுக்கு அது எதுக்கு ஆகும்?

இருக்கிறதில் நல்லது விளக்கெண்ணெய். ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் காஸ்டர். 1909-இல் வந்த காஸ்ட்ரால் என்ற பேரே அதிலிருந்து எடுத்ததுதான். முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் இன்ஜினுக்கெல்லாம் விளக்கெண்ணெய் ஊத்தித்தான் ஓட்டினாங்க. எங்கள் வீட்டுக் கூண்டு வண்டிக்கு அப்பா வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைச்சு மூங்கில் குழாயில் அடைச்சு, வண்டிக்கடியில் தொங்கவிட்டிருப்பார். நல்ல மசகு அது. ஆனால் வண்டி அச்சு பெருசு, இடைவெளியும் பெருசு, மெதுவாகச் சுத்துறது. செயின் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நூல் இடைவெளிகூட இல்லை. கெட்டியான விளக்கெண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்னு புழுதி வாங்குது. கிரீஸும் அப்படித்தான். வேறெதுவும் கைவசம் இல்லாதப்ப, விளக்கெண்ணெயை வெயிலில் சூடாக வச்சு விட்டு, மேலே துடைச்சு எடுத்தால் சமாளிக்கலாம்.

இப்போ நான் வச்சிருக்கிறது ரெண்டே ரெண்டு. மாசி முதல் ஆனி வரைக்கும் புழுதிக்காலம், அப்போ தையல் மெஷின் எண்ணெய். நீர்ப்பாக இருக்கும், சட்டுன்னு உள்ளே போகும், மண்ணையும் அதிகம் பிடிக்காது. சீக்கிரம் வத்திடும் என்பதால் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை விடணும். ஆடிக்கு மேல் மழை பிடிச்சுட்டா அது தாங்காது. புது இன்ஜின் ஆயில், பைக்குக்கு ஊத்துறோமே 20டபிள்யூ-40, அதுதான். மழையில் நனைஞ்ச செயினுக்கு உடனே எண்ணெய் விடக்கூடாது. துடைச்சு, காயவச்சு, அப்புறம். மண்ணெண்ணெய் கழுவத்தான் ஆகும். அது மசகு இல்லை, உள்ளே இருக்கிற எண்ணெயையும் கரைச்சு எடுத்துடும்.

விடுற முறையில்தான் பாதி விஷயம் இருக்கு. சாயங்காலம் வேலை முடிஞ்சு செய்யுங்க, ராத்திரி முழுக்க எண்ணெய் இறங்க நேரம் கிடைக்கும். சைக்கிளுக்கு அடியில் பழைய சாக்கு ஒண்ணு. மண்ணெண்ணெயில் லேசா நனைச்ச துணியால் செயினைப் பிடிச்சுக்கிட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுத்துங்க. கருப்பு போற வரைக்கும் துணியை மாத்தி மாத்திச் செய்யணும். நல்லா காஞ்ச பிறகு, செயின் லாக்கில் ஆரம்பிச்சு, கீழ்ச்சரட்டின் உள்பக்கத்தில் உருளைக்கு ஒரு சொட்டு, தகடு ரெண்டும் சேர்ற இடத்தில் படுற மாதிரி. மாட்டு டாக்டர் ஊசி போட்டுட்டுப் போட்ட சிரிஞ்ச் ஒண்ணைக் கழுவி, ஊசியைக் கழட்டிட்டு வச்சிருக்கேன், அதுக்கு மேல் வசதியான கருவி கிடையாது. லாக் திரும்பி வந்ததும் நிறுத்திடணும். பத்துப் பதினைஞ்சு சுத்து பின்னாடி சுத்திவிட்டுப் படுக்கப் போயிடுங்க. காலையில் காய்ஞ்ச துணியால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைக்கணும். தொட்டால் விரலில் லேசா ஈரம் தெரிஞ்சால் போதும், ஒழுகவே கூடாது. துடைச்ச துணியைக் குப்பைக்குழியில் போட்டுடாதீங்க, எருவோடு வயலுக்குப் போயிடும்.

கணக்கு ஆள் இல்லையா, அதையும் போட்டுப் பார்த்தேன். செயினில் ஏறக்குறைய 110 கண்ணி. 20 சொட்டு ஒரு மில்லி. ஒரு தடவைக்கு ஐந்தரை மில்லிதான் ஆகுது. 100 மில்லி பாட்டில் பதினெட்டு தடவைக்கு வரும். 'காசில்லாத' கழிவு ஆயிலால் எனக்குப் போனது ஒரு செயின், முன்பல்சக்கரம், ஃப்ரீவீல் மூணும். தேய்ஞ்ச செயின் நீண்டு பல்லையும் தின்னுடுது, அதனால் மூணையும் சேர்த்தே மாத்த வேண்டியதாச்சு.

அந்த நிலைக்குப் போறதுக்கு முன்னாடியே அளந்து பாருங்க. புதுச் செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். ஒரு ஆணியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வச்சு, செயினை இழுத்துப் பிடிச்சால், 12 அங்குலத்தில் இருபத்தைந்தாவது ஆணியின் நடு சரியாக நிக்கணும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்னா கவனிக்க ஆரம்பிங்க. எட்டில் ஒரு பங்கு தள்ளுறதுக்கு முன்னாடியே செயினை மட்டும் மாத்திடுங்க, பல் தப்பிக்கும். என் புதுச் செயினுக்கு இந்த ஐப்பசியோடு இருபது மாசம். போன வாரம் அளந்தேன், கோடு இன்னும் பன்னிரண்டிலேயே நிக்குது.