மருந்தின் பெயர் மட்டும் ஏன் போதாது?

தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கணினி வைக்கும்போது பலரும் முதலில் கேட்பது பில் போடும் வசதியை. நான் முதலில் கேட்கச் சொல்வது பேட்ச் எண்ணை.

ஏன்? ‘பாராசிட்டமால் 500, இருப்பு 40 அட்டை’ என்று திரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 அட்டை அடுத்த மாதம் காலாவதி. புதுச் சரக்கை முன்னால் அடுக்கினால் பழையது பின்னால் கிடந்தே வீணாகும். கவனிக்காமல் நோயாளி கைக்கும் போய்விடலாம். ஒரு பேட்ச் தரமற்றது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தால், யாருக்கு விற்றோம் என்று தேடவும் அந்த எண்தான் வழி.

எப்படி? கொள்முதலைப் பதியும்போதே ஒவ்வொரு பேட்ச்சும் அதன் காலாவதி மாதமும் தனி வரியாக ஏற வேண்டும். விற்கும்போது, முதலில் வந்ததை அல்ல, முதலில் காலாவதியாவதைத் திரை எடுத்துக் காட்ட வேண்டும். பிந்தி வந்த சரக்கு முந்திக் காலாவதியாவது உண்டு.

மருந்து விதிகளின் அட்டவணை எச்1-இல் வரும் மருந்துகள் தனிக் கதை. காசநோய் மருந்துகளும் வீரியமான பல ஆன்டிபயாட்டிக்குகளும் இதில் அடக்கம். மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைப் பதிந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் சட்டம். இந்த விவரம் நிரம்பாமல் பில் அச்சாகவே கூடாது.