பானெட்டுக்குள்ளே – 9: கதவு திறக்கும் மெழுகு

சென்ற வாரம் ரேடியேட்டர் மூடி. உள்ளே அழுத்தம் ஏறினால் கூலன்ட்டின் கொதிநிலையும் ஏறும் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் வரவேண்டியது டேஷ்போர்டின் டெம்பரேச்சர் ஊசி. அந்த ஊசியை நடுவில் நிறுத்துவது எது என்று தேடிப் போன இடத்தில் கொஞ்சம் மெழுகு குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சிறிய பெட்ரோல் கார் ஒன்றில் எஞ்சின் சூடேறிய பிறகு, கூலன்ட் பெரும்பாலும் 85 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். வேலூரின் மே மாத வெயிலானாலும் சரி, ஊட்டியின் ஜனவரிப் பனியானாலும் சரி, வரம்பு மாறாது. அதைக் காப்பது தெர்மோஸ்டாட், உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு வால்வு.

அதன் நடுவே சின்ன உலோகக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை வால்வு மூடியே இருக்கும். கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். 82, 88 என்று அந்தந்த எஞ்சினுக்குக் குறித்த சூடு வந்ததும் மெழுகு உருகி விரிகிறது. கெட்டியான குப்பிக்குள் விரிய இடம் ஏது? நடுத்தண்டை உந்துகிறது, ஸ்பிரிங்கை மீறி வால்வு திறக்கிறது. மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். மெழுகு சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் அதில் செப்புத் தூளையும் கலந்து வைத்திருக்கிறார்கள்!

இதை 1930-களில் அமெரிக்காவில் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னே. அதற்கு முன் எளிதில் ஆவியாகும் திரவம் நிரப்பிய உலோகத் துருத்திதான் வால்வைத் திறந்தது. அழுத்த மூடி வந்தபோது துருத்திக்குச் சிக்கல்: சுற்றியுள்ள அழுத்தம் அதை நசுக்கியதால் திறக்கவேண்டிய சூட்டில் திறக்கவில்லை. உருகும் மெழுகின் உந்துவிசைக்கு அந்த அழுத்தம் ஒரு பொருட்டே அல்ல. சென்ற வாரத்து மூடியும் இந்த வாரத்து மெழுகும் சேரும் இடம் இது.

இவ்வளவு நேர்த்தியான பொருளைத்தான் பல பட்டறைகளில் கழற்றி எறிகிறார்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்று மெக்கானிக் கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் நான்குவழிச் சாலையில் காற்று அடிக்க அடிக்க எஞ்சின் தன் சூட்டை எட்டவே எட்டாது. இன்னும் குளிர்தான் என்று கணக்கிட்டு எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை விடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாது. மைலேஜ் இறங்கும், தேய்மானம் ஏறும். ஸ்கேனரை மாட்டினால் பல கார்களில் ‘பி0128’ என்ற கோடு வரும்: கூலன்ட் எட்டவேண்டிய சூட்டை எட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டுக்குப் பயந்து கழற்றிய கார், டிராஃபிக்கில் சூடாகியே நிற்கும்.

சந்தேகமிருந்தால் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம். வால்வு திறக்கவில்லையென்றால் புதிதாக ஒன்று மாட்டவேண்டும், அவ்வளவுதான்.

ஊசிக்கு இப்போது கொஞ்சம்தான் இடம் மிச்சம். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற கார்களில் உண்மையான சூடு 75-லிருந்து 105 வரை எங்கே இருந்தாலும், ஊசி 90-இல் அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஹோண்டா ஜாஸில் ஊசியே கிடையாது. குளிருக்கு நீல விளக்கு, மிகுசூட்டுக்குச் சிவப்பு விளக்கு. ஓட்டுபவரிடம் ஏன் இப்படி மறைக்கவேண்டும் என்ற கேள்வியும், ரேடியேட்டர் ஃபேன் எப்போது ஓடும் என்ற கணக்கும் அடுத்த வாரம்.