சேற்றிலும் பனியிலும் புதையாமல் போக

மாரி மழை தொடங்கினால் கோமாரிப் பக்கத்து வயல் பாதைகள் எப்படியிருக்கும் என்று எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தார் வீதியில் ஓடிவந்த வாகனம் வயல் பாதையில் இறங்கியதும் சில்லு புதைந்து நின்றுவிடும். இடம்பெயர்ந்து, தூரத்திலிருந்து வயலுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு இது பெரும் கஷ்டம். விதைநெல் ஒருநாள் பிந்தலாம். நோயாளி பிந்த முடியாது.

பனி நாடுகளிலும் இதே பிரச்சினை இருந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வல்கூர் என்ற ஊரில், ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர் என்பவர் வாகனம் திருத்தும் தொழில் செய்துவந்தார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் துடித்தான். பாதைகளைப் பனி மூடியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை இறந்துபோயிற்று. பனியில் ஓடும் வண்டியொன்றைச் செய்ய ஏற்கெனவே முயன்றுவந்த அவர், அதன்பின் அம்முயற்சியை விடவேயில்லை. 1937இல் அவருடைய இயக்கும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. அவ்வண்டியின் முன்புறம் சில்லுகளுக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டைகள். பின்புறம் அகன்ற இறப்பர் பட்டிகள். பனிக்காலத்தில் நோயாளிகளையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் இத்தகைய வண்டிகள் ஏற்றிச் சென்றன.

இதன் இரகசியம் மிக எளிது. பாரம் சிறிய இடத்தில் அழுத்தினால் புதையும். பெரிய இடத்தில் பரவினால் புதையாது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இரு பாதங்களும் சுமார் 400 சதுர சென்ரிமீற்றர் இடத்தையே அழுத்துகின்றன. 6 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள பலகையில் அவர் நின்றால் அதே பாரம் ஏறத்தாழ 5,500 சதுர சென்ரிமீற்றரில் பரவும். அழுத்தம் பதினான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

நமது விவசாயிகளுக்கு இது புதிதல்ல. வயலை மட்டப்படுத்தும் பலகையில் ஒருவர் ஏறி நின்றாலும், மாடுகள் அதைச் சேற்றின் மேல் இழுத்துச் செல்வதைக் கண்டிருக்கிறோம். ஜப்பானின் அரியாக்கே கடலோரத்து மீனவர்களும் பலகையில் ஒரு காலை மடித்து வைத்து, மறுகாலால் உந்திச் சேற்றுவெளியில் சறுக்கிச் செல்வார்கள்.

விலை கூடிய இயந்திரம்தான் வேண்டும் என்பதுமில்லை. தென்துருவம் செல்லப் புறப்பட்ட ஸ்கொட் மூன்று மோட்டார் வண்டிகளைக் கொண்டுபோனார். ஒன்று பனிக்கட்டி உடைந்து கடலில் மூழ்கியது. மற்றவை வழியில் பழுதாகின. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளுடன் சென்ற அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14இல் முதலில் துருவத்தை அடைந்தார்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில:

1. அகலமான பலகையின் முன்முனையைச் சரிவாகச் செதுக்கி, இரு துளைகளில் கயிறு கட்டுங்கள். முனை சேற்றைக் குத்தாது. நெல் மூட்டையை அதில் வைத்து, வரம்பில் நடந்தபடி இழுக்கலாம். நோயாளியானால் பாய் விரித்துப் படுக்கவைத்து, நழுவாமல் கட்டி, ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டே வரவேண்டும்.

2. உழவு இயந்திரம் புதைந்தால் மேலும் மேலும் முறுக்காதீர்கள். இன்னும் ஆழமாகவே இறங்கும். சில்லின் முன் பலகையோ தென்னோலையோ இட்டு மெதுவாக எடுங்கள்.

3. கடற்கரை மணலில் ரயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தால் ரயர் அகன்று மணலில் நிற்கும். தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இவை சேற்றுக்கும் மணலுக்குமே உரியவை. ஓடும் வெள்ளத்துக்கு உரியவையல்ல. தாம்போதியின் மேலாக வெள்ளம் பாயும்போது பலகையோடு இறங்கினால் நீர் அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளம் வற்றும்வரை காத்திருங்கள். அவசரமென்றால் தோணியும் அனுபவமுள்ள தோணிக்காரரும் வேண்டும்.

மழை வந்தபின் பலகை தேடி ஓடுவதில் பயனில்லை. பத்து வீட்டார் சேர்ந்து ஒரு பலகையும் நல்ல கயிறும் இப்போதே ஆயத்தம் செய்யுங்கள். அது யார் வீட்டில் இருக்கிறது என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.