ஜலதோஷமும் வெந்நீர் மதுவும்

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் வித்துராவில் தும்மல் ஒலி கேளாத வீட்டைக் காண்பது அரிது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியே 35 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வந்தால் எட்டிவிடும் ஊர்தான். ஆயினும் நகரத்துப் புழுக்கம் வேறு, இவ்வூர்க் குளிர் வேறு. மேலே 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. மற்றொரு புறம் போனக்காடும் அகத்தியர்கூடமும். தேயிலைத் தோட்டங்களுக்கு முன்னாளில் வந்த தமிழர்களின் வழித்தோன்றல்களும், வாணிகம், அரசுப் பணி, இரயில்வே எனப் பின்னர் வந்து சேர்ந்த நம்மைப் போன்றோரும் மழைக்காலத்தில் ஒரே வகுப்பினராகி விடுகின்றோம். மூக்கடைப்புக்கு உத்தியோக வேறுபாடு கிடையாது.

இவ்வேளையில் சில வீடுகளில் ஒரு புதுப் பழக்கம் தலைகாட்டுவதைக் காண்கிறோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் ‘போர்பன்’ என்னும் அமெரிக்க விஸ்கிப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து, “இதை வெந்நீரில் கலந்து குடியுங்கள் மாமா, சளி பறந்துவிடும்” என்று சொல்லிச் செல்கிறார். அதன் பெயர் ‘ஹாட் டாடி’யாம். தந்தையைக் குறிக்கும் டாடி அன்று இது. கள்ளைக் குறிக்கும் டாடி. அச்சொல் நம் நாட்டிலிருந்தே ஆங்கிலத்திற்குச் சென்றது என்பதை அன்பர்கள் அறிதல் நலம். பனையின் சாற்றுக்கு இந்துஸ்தானியில் வழங்கிய ‘தாடி’ என்னும் சொல்லே ஆங்கிலேயர் வாயில் ‘டாடி’யாகிக் கப்பலேறியது.

செய்முறை எளிது. ஒரு குவளை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டித் தேன், அரை எலுமிச்சையின் சாறு, ஒரு துண்டு இலவங்கப்பட்டை, இரண்டு கிராம்பு, 45 மில்லி விஸ்கி, இவ்வளவே. ஸ்காட்லாந்தினர் தம் நாட்டு விஸ்கியைச் சேர்ப்பர். அமெரிக்கர் சேர்ப்பது போர்பன். அதன் தானியக் கலவையில் 51 விழுக்காட்டிற்குக் குறையாமல் மக்காச்சோளம் இருத்தல் வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் அதை வைத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இனிப்பும் மரவாசனையும் அதனால் வருபவை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்தபோதுங்கூட, மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் விஸ்கி கிடைத்தது. அந்நாளில் அங்கே எத்தனை பேருக்குத் திடீரென்று ஜலதோஷம் கண்டிருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்திற்கே விடுகிறோம்!

இனி, இப்பானம் பயன் தருமா என்பதே கேள்வி. தருகிறது, ஆனால் புகழ் சென்று சேர்வது தவறான பொருளுக்கு. பிரிட்டனில் கார்டிப் பல்கலைக்கழகத்தின் ஜலதோஷ ஆராய்ச்சி நிலையத்தார் 2008ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சளி பிடித்த 30 பேருக்கு மதுவே கலவாத பழரசப் பானத்தைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்கு ஆறிய நிலையிலும் கொடுத்துப் பார்த்தனர். ஆறிய பானம் மூக்கொழுக்கு, இருமல், தும்மல் ஆகியவற்றுக்கு மட்டும் ஆறுதல் தந்தது. சூடான பானமோ அவற்றோடு தொண்டை வலி, குளிர் நடுக்கம், அயர்ச்சி ஆகியவற்றையும் தணித்தது. ஆறுதல் தருவது சூடும் சுவையுமே என்பது இதனால் விளங்கும். தேனும் தன் பங்கைச் செய்கிறது. குழந்தைகளின் இரவு இருமலை அது குறைப்பதாக அமெரிக்க மருத்துவர் 2007இல் கண்டு எழுதியுள்ளனர். அகத்தியமலைக் காணிக்காரர் எடுத்து வரும் காட்டுத்தேன் நம் ஊரில் கிடைப்பது நம் பேறு. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. கொடிய நச்சுநோய் உண்டாகும் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர்.

மது செய்வது என்ன? தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உடம்பு சூடேறியது போன்ற உணர்ச்சி அதனால் வருகிறது. உண்மையில் உள்ளிருக்கும் வெப்பம் வெளியே கழிந்து போகிறது. மூக்கின் உள்ளேயும் குழாய்கள் விரிவதால் அடைப்பு மிகுதலும் உண்டு. உறக்கம் விரைவில் வரும். நள்ளிரவில் கலைந்தும் போகும். ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ் கிருமிகளை அது கொல்வதில்லை.

“கொதிநீரில் ஊற்றினால் வீரியம் ஆவியாகிவிடுமே” என்பர் சிலர். அமெரிக்க வேளாண் துறையார் அளந்து பார்த்த கணக்கு வேறு சொல்கிறது. கொதிக்கும் நீரில் சேர்த்து அடுப்பிலிருந்து இறக்கினால் மதுவில் 85 விழுக்காடு அப்படியே எஞ்சுகிறது. 15 நிமிடம் சிறு தீயில் கொதிக்க வைத்தாலும் 40 விழுக்காடு நிற்கிறது. ஆவியாகிவிடும் என்று நம்பிச் சிறு பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி பிராந்தியைச் சர்க்கரையோடு புகட்டும் பாட்டிமார் நம்மிடையே உண்டு. அவர்களை அன்போடும் உறுதியோடும் தடுத்தாக வேண்டும். சிறு குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை அளவைக் குறைத்து, மயக்கத்திலும் வலிப்பிலும் கொண்டுபோய் விடக்கூடியது அது. பெரியவர்களுக்கும் ஒரு சொல்: சளி மாத்திரைகள் பலவற்றில் உறக்கம் தரும் மருந்து கலந்திருக்கிறது, மதுவோடு சேர்ந்தால் மயக்கம் இரட்டிக்கும். காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமாலும் நாள்தோறும் குடிக்கும் பழக்கமும் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. மழைக்காலத்தில் இம்மாவட்டத்தில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் பரவுகின்றன. இரண்டும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி போலவே வரும். சேற்றிலும் ஓடைநீரிலும் வெறுங்காலோடு நின்று வேலை செய்தவர், “குளிர் பிடித்துவிட்டது, ஒரு வாய் பிராந்தி போதும்” என்று இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே கிடந்தால், எலிக்காய்ச்சல் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும்; மது அவ்வீரலை மேலும் வருத்தும். காலத்தில் சென்றால் மாத்திரையால் தீரும் நோய் இது. கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவத்தல், கண் மஞ்சளித்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே வித்துரா தாலுக்கா மருத்துவமனைக்குச் செல்க. எந்த வேலை செய்பவர் என்பதையும் மருத்துவரிடம் மறவாமல் கூறுக.

வெறும் ஜலதோஷந்தானென்றால் நம் அடுக்களையே போதும். பனஞ்சாறு புளித்தால் கள்; சுண்ணாம்பிட்டு இறக்கினால் பதநீர்; அப்பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஆகவே சுக்குக் காப்பியும் ஒருவகையில் டாடியின் உடன்பிறப்பே, புளியாத உடன்பிறப்பு. நான்கு தம்ளர் நீரில் கட்டைவிரல் அளவு சுக்கை நசுக்கிப் போட்டு, பத்து மிளகும் ஒரு தேக்கரண்டி கொத்துமல்லி விதையும் இடித்துச் சேர்த்து, சில துளசி இலைகளுடன் மூன்று தம்ளராகச் சுண்டக் காய்ச்சுக. மலையாள அன்பர்கள் பனிக்கூர்க்கை என வழங்கும் கற்பூரவல்லி இலை இரண்டை இறக்கும்போது இடுவது இவ்வூர் வழக்கம். நாமும் அதனை ஏற்றுக்கொண்டோம். காப்பித்தூள் அரைக் கரண்டி போதும்; படுக்கும் முன் குடிப்பதாயின் அதுவும் வேண்டா. நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டியும் சர்க்கரையே என்பதை மறத்தல் கூடாது.

கருப்பட்டியை நேரே கஷாயத்தில் இடுவதினும், தனியே வெந்நீரில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டிச் சேர்ப்பது நன்று. அடியில் தங்கும் மணலைப் பார்த்தால் காரணம் புரியும். ஊருக்குச் சென்று திரும்புவோர் உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வந்தால், ஓலைக் கொட்டானில் கட்டி அடுப்பருகே தொங்கவிடுக. இவ்வூர் ஈரக்காற்றில் டப்பாவில் வைத்தால் இளகிவிடுகிறது.